ஒரு ஊசி போட்டா பாடிருவா

போன மாதம் ஒரு நாள் காலையில், நான் ஓய்வு பெற்ற பிறகு மருத்துவமனையில் என் நாற்காலிக்கு வந்திருக்கிற பெண் போன் செய்தாள். பத்து வயதுப் பையன், பாட்டு கற்றுக்கொள்கிறவன், தொண்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறானாம். மறுநாள் மேடையில் பாட வேண்டுமாம்.

"வீக்கம் கொறைய ஒரு ஊசி போடுங்கன்னு அம்மா, அப்பா ரெண்டு பேரும் நிக்கறாங்க மேடம். டியூட்டி டாக்டரும் போட்டுடலாம்னு சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் சொன்னது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருப்பாள். பிறகு, "ஏன் மேடம் இவ்ளோ கோவம்?" என்றாள்.

கேட்க வேண்டிய கேள்விதான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பேச்சு, குரல் சிகிச்சை செய்தவள். ராயபுரத்துக்காரி. வடசென்னையில் ஒரு அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். படிப்பும் பயிற்சியும் எல்லோருக்கும் போலத்தான். மற்றவர்களின் தொண்டைக்குள் பார்க்கக் கற்றுக்கொண்டேன், பார்த்ததை அவர்கள் பயப்படாதபடி சொல்லக் கற்றுக்கொண்டேன். எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் கத்திப் பிழைத்தவர்கள். துறைமுகத்து மேஸ்திரிகள், காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற பெண்கள், ஐம்பது பிள்ளைகளை அடக்கி உட்காரவைக்கிற டீச்சர்கள். பாடுகிற பிள்ளைகளும் வந்தார்கள். முதலில் எப்போதாவது ஒன்று. பிறகு, டிசம்பர் நெருங்கினாலே பெஞ்சில் இடமிருக்காது. பட்டுப்பாவாடையோடு, கையில் வெந்நீர் பிளாஸ்க்கோடு, நகரத்தின் தென்பக்கத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். டாக்டர் ஹபீப் பெயர் அவ்வளவு தூரம் போயிருந்தது.

அவர் எங்கள் பிரிவின் தலைவர். பழைய வண்ணாரப்பேட்டையில் மூன்று தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்த வீட்டில் முதல் டாக்டர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. ஒரு நாளும் குரலை உயர்த்த மாட்டார். பாடுகிற பிள்ளை உள்ளே வந்தால் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "காலைல என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்பார். பிள்ளை பதில் சொல்லும். "அப்புறம்?" என்பார். இட்லி, சட்னி, பள்ளிக்கூடம் என்று அது பேசிக்கொண்டே போகும். தொண்டையில் எங்கே கோளாறு என்று அதற்குள் அவர் பாதி கண்டுபிடித்துவிடுவார். பிறகுதான் திரும்பிச் சிரிப்பார்.

முதல் வருஷங்களில் எங்களுக்குக் கண்ணாடிதான். நீளக் காம்பு வைத்த சின்ன வட்டக் கண்ணாடி. ஆவி படியாமல் இருக்க ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி, சூடு அதிகமில்லையே என்று அவர் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். நாக்கைப் பஞ்சுத் துணியால் பிடித்து முன்னால் இழுத்து, கண்ணாடியை உள்நாக்குக்கு அடியில் வைத்து, "ஈ சொல்லு" என்பார். அந்த "ஈ"க்குள் ஒரு கணம் குரல்நாண்கள் தெரியும். அதற்குள் பார்த்துவிட வேண்டும். பிள்ளைக்குக் குமட்டினால் உடனே எடுத்துவிட்டு, "மன்னிச்சுக்கம்மா" என்று அந்தப் பிள்ளையிடமே சொல்வார். பிறகு கேமரா வந்தது. மூக்கு வழியாக மெல்லிய குழாய், எதிரே திரை. நல்ல குரல்நாண்கள் இரண்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஊசி முனை அளவு சிவப்பு இருந்தாலும் தெரிந்துவிடும்.

குரலுக்கு ஓய்வு தர வேண்டிய பிள்ளைகளுக்கு அவர் ஒரு சிலேட்டு கொடுப்பார். வண்ணாரப்பேட்டைக் கடையில் மொத்தமாக வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். சிலேட்டு கையில் ஏறிய பிறகு அந்தப் பிள்ளையிடம் அவரும் பேச மாட்டார். அவரும் எழுதித்தான் காட்டுவார். ஒரு பெரிய டாக்டர் மேஜைமேல் குனிந்து பலப்பத்தால் "வலிக்குதா?" என்று எழுதுவதைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் பேசத் தோன்றாது.

இவ்வளவும் நான் மதிப்பவை. அவரிடம் நான் வெறுத்தது ஒரே ஒரு வாக்கியம். பெற்றவர்களிடம் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிவிட்டுக் கடைசியில் சொல்வார்: "அப்புறம் உங்க விருப்பம்."

ஒரு பையனை அழைத்து வந்தார்கள். சின்ன வயதிலேயே முழுக் கச்சேரி செய்தவன், சுவரொட்டியில் "பால" என்று அடைமொழி போட்டுப் படம் வந்தவன். மீசை அரும்புகிற நேரத்தில் குரல் உடைய ஆரம்பித்திருக்கிறது. அவன் அப்பா டாக்டரிடம், "இதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா சார்? தை வரைக்கும் தேதி குடுத்துட்டேன்" என்று கேட்டார். மகன் வளர்வதைத் தள்ளிப்போட முடியுமா என்று ஒரு தகப்பன் கேட்கிறார்! பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் பொறுமையாக விளக்கினார். குரல் நிலைபெறும்வரை மேடை வேண்டாம், அவசரப்பட்டால் கெட்டுவிடும் என்றார். "அப்புறம் உங்க விருப்பம்." அப்பாவின் விருப்பம் என்னவென்று எனக்குத் தெரியும். பொய்க்குரலில் பாடவைத்தார்கள். நான் டாக்டரிடம் சண்டை போட்டேன். "நம்ம வேலை சொல்றது ஸ்டெல்லா. சொல்லிட்டோம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் முத்துச்செல்வி வந்தாள்.

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டை ஒட்டிய தெருவில் அவள் வீடு. அப்பா தங்கராஜ், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே வந்து மளிகைக் கடை வைத்தவர். வீட்டில் யாருக்கும் சங்கீதம் கிடையாது. பள்ளிக்கூடப் போட்டி ஒன்றுக்கு நடுவராக வந்த ஒரு பாட்டு வாத்தியார் அவளைக் கேட்டுவிட்டு, நேரே கடைக்கே வந்து, "இந்தக் குழந்தைய எங்கிட்ட விடுங்க" என்றிருக்கிறார். அன்றிலிருந்து தங்கராஜ் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு நகரத்தைக் குறுக்காகக் கடந்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். வகுப்பு முடியும்வரை வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்பார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

எனக்குச் சங்கீதம் தெரியாது. தொண்டைதான் தெரியும். ஆனால் தங்கராஜ் தன் போனில் பதிந்து வைத்திருந்த அவளுடைய காம்போதி ஆலாபனையைக் கேட்டபோது கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டேன். பதினாறு வயதில் எல்லோருக்கும் ஓடத் தோன்றும். இவள் ஒரு சுரத்தில் போய் நின்றாள், அங்கேயே நின்றாள், நமக்கு மூச்சு முட்டும்போது மெல்ல அடுத்ததற்கு நகர்ந்தாள். மேல் சட்ஜமத்தைத் தாண்டிப் போனபோது சத்தம் மெலியவில்லை, கூர்மையாகவும் இல்லை. அகலமாகிக்கொண்டே போனது.

அது பழைய பதிவு. அன்று காலை எங்கள் அறைக்கு வந்தவளின் குரல் வேறு. டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பி, "காலைல என்னம்மா சாப்பிட்டே?" என்றார்.

"கஞ்சி மட்டும் அருந்தினேன் டாக்டர்" என்றாள்.

மெல்லிய, உயரமான, செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு குரல். கொருக்குப்பேட்டையில் யார் "அருந்தினேன்" என்று சொல்வார்கள்? டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். கேட்டுப் பார்த்தேன். வாத்தியார் அவள் பேசுவதை மாற்றச் சொல்லியிருக்கிறார். மீன் மார்க்கெட் குரல் வேண்டாம், மேலே தூக்கி, மெதுவாகப் பேசு, அப்போதுதான் பாட்டிலும் நாசூக்கு வரும் என்று. அவள் சுபாவமாகப் பாடியது நாலு கட்டைச் சுருதியில். போட்டியில் எடுபடாது என்று அவளை ஆறு கட்டைக்கு ஏற்றியிருக்கிறார். விடியற்காலையில் மொட்டை மாடியில் பாட்டுச் சாதகம். பக்கத்தில் வேகன்களை இழுத்து இணைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி பாடு, தொண்டை திடமாகும் என்று சொன்னதும் அவரே.

குழாயை இறக்கினோம். "ஈ" என்றாள். திரையில் வலது குரல்நாண் முழுக்கச் சிவந்து கிடந்தது. ரத்தக்குழாய் வெடித்து உள்ளேயே ரத்தம் கட்டியிருந்தது.

டாக்டர் குழாயை எடுத்தார். அலமாரியிலிருந்து சிலேட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். தங்கராஜிடம் திரும்பி, "ரெண்டு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. தானா ஆறிடும். ஆறாம பாடினா தழும்பாயிடும். தழும்பாயிட்டா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

"நாளைக்கிப் பாட்டுப் போட்டி பைனல் டாக்டர்" என்றார் தங்கராஜ். "ஆயிரம் பேரு வருவாங்கன்னு சொல்லுதாங்க. ஒரு ஊசி போட்டா பாடிருவான்னு வாத்தியாரு சொல்லுதாரு."

"ஊசி வீக்கத்தைக் குறைக்கும். வலி தெரியாது. சரியாயிட்டுதுன்னு தோணும். காயம் அப்படியேதான் இருக்கும். நாங்க போட மாட்டோம். வேற எங்கயும் போடாதீங்கன்னு கேட்டுக்கறேன்." பிறகு அந்த வாக்கியம். "அப்புறம் உங்க விருப்பம்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தங்கராஜைப் பின்தொடர்ந்து வராந்தாவுக்குப் போனேன். "உங்க பொண்ணு முட்டி ஒடஞ்சு கெடந்தா ஓட்டப் பந்தயத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்களா? இதுவும் அதேதான். வெளிய தெரியலைங்கறதால காயம் இல்லைன்னு ஆயிடுமா?" என்று கத்தினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன்மா இப்படி ஏசுதீய? எம் புள்ளைக்கு நான் கெடுதல் பண்ணுவனா? இந்த மேடை தட்டிப் போனா எங்களை மாதிரி ஆளுகளுக்கு இன்னொரு மேடை யாரு தருவா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது.

முத்துச்செல்வியிடம் திரும்பி, "நீ சொல்லு. உனக்குப் பாடணுமா?" என்றேன். அவள் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். "அப்பா பாவம்."

அவர்கள் போன பிறகு டாக்டரின் மேஜைக்கு முன்னால் நின்றேன். "யாருக்காவது போன் பண்ணுங்க சார். போட்டி நடத்தறவங்களுக்குப் பண்ணுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"நோயாளியைப் பத்தி வெளிய பேசறது தப்பு ஸ்டெல்லா. தகப்பன் முடிவு பண்ணணும்" என்றார். எழுந்துபோய்க் கை கழுவினார். நிதானமாக, விரல் விரலாக. அந்த நிதானத்தை நான் மன்னிக்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் லீவு சொல்லிவிட்டு அந்த மண்டபத்துக்குப் போனேன். ஏசி, மல்லிகை வாசனை, வாசலில் காப்பி. தடுக்கலாம் என்று மேடைக்குப் பின்னால் போகப் பார்த்தேன், விடவில்லை. வழியில் தங்கராஜைப் பார்த்தேன். புது வேட்டி கட்டியிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "போட்டாச்சும்மா. நல்லா ஆயிட்டு. காலையிலேயே பாடிப் பாத்துட்டா" என்றார்.

அவள் மேடைக்கு வந்தாள். சுருதி ஆறு கட்டை. முதல் பாட்டு வந்தது, இரண்டாவது வந்தது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. என் பக்கத்திலிருந்தவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு தலையாட்டினார். எனக்கு மட்டும் அந்தச் சிவப்பு தெரிந்துகொண்டிருந்தது. ஆலாபனை ஆரம்பித்தாள். படிப்படியாக ஏறி மேல் சட்ஜமத்தில் நின்றாள். கைதட்டினார்கள். அங்கிருந்து காந்தாரத்துக்குப் போனாள்.

வாய் திறந்திருந்தது. காற்று மட்டும் வந்தது.

முன் வரிசையில் வாத்தியார். கையை மேலே தூக்கி, விடாதே, மறுபடி போ என்று சைகை காட்டினார். அவள் மறுபடி போனாள். மறுபடியும் காற்று. மூன்றாவது முறையும் அவர் கையைத் தூக்கினார். நான் என் இடத்திலிருந்து எழுந்து, "போதும், நிறுத்துங்க!" என்று கத்தினேன். எல்லோரும் என்னைத்தான் உஷ் என்று அடக்கினார்கள். பிடில் வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கும் அவள் வயதுதான் இருக்கும். அவன் அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு அவள் போக இருந்த இடத்துக்கெல்லாம் தானே போய் வாசித்து, ராகத்தை முடித்துக் கொடுத்தான். அந்த மண்டபத்தில் அன்று மனிதனாக நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.

அவளுக்கு ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். ஒரு கோப்பை, ஒரு சால்வை. வெளியே வாத்தியார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "ஞானம் இருக்கு. தெம்பு போறலை. அந்தப் பக்கத்துக் குழந்தேள் வளர்ற விதம் அப்படி." நான் அவர் எதிரே போய் நின்றேன். ஊசியைப் பற்றி, ஆறு கட்டையைப் பற்றி, வேகன் சத்தத்தைப் பற்றி, எல்லாவற்றையும் அவருடைய நண்பர்கள் முன்னாலேயே சொன்னேன். அவர் கைகூப்பி, "நீங்க ரொம்ப உணர்ச்சிவசப்படறேள்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அடுத்த வாரம் தங்கராஜின் போனுக்குச் செய்தி வந்தது. உடம்பு தேறும்வரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று. திரும்ப வா என்று பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை.

பல வாரங்கள் சிலேட்டோடு இருந்தாள். ரத்தம் வடிந்தது. குழாயை இறக்கிப் பார்த்தோம். சிவப்பு போன இடத்தில் தழும்பு விறைத்து நின்றது. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று அவர் எந்த வாக்கியமும் சொல்லவில்லை.

பேச்சுப் பயிற்சி என்னிடம். முதல் நாள் அவள் மறுபடியும் அந்தச் செய்திக் குரலிலேயே ஆரம்பித்தாள். "இப்படி வேணாம். உன் சிநேகிதிகிட்ட எப்படிப் பேசுவே? அப்படிப் பேசு" என்றேன்.

"மிஸ்டேக்கா வரும் மேடம்."

"வரட்டும்."

கொஞ்சம் யோசித்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு, "இன்னா மேடம், சொம்மா பேஜாரு பண்ணிகினு கீற? இப்டி பேசினா போதுமா?" என்றாள். மார்பிலிருந்து, தடையில்லாமல், தன் உயரத்தில் வந்தது குரல். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பிறந்ததிலிருந்து பேசிய பேச்சு. அதில் நோய் ஒன்றும் இருந்ததில்லை. அதைத்தான் முதலில் பிடுங்கினார்கள்.

பல மாதங்கள் ஆயின. பேச்சு முழுக்க வந்துவிட்டது. பாட்டு, மூன்று கட்டையில், கொஞ்சம் கொஞ்சமாக. தங்கராஜ் ஒரு நாள் தனியாக வந்து என் முன்னால் உட்கார்ந்து அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தேன். அவ்வளவுதான்.

அதன் பிறகு பெற்றவர்களிடம் பேசுகிற வேலையை டாக்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. பிள்ளையை வெளியே உட்காரவைத்துவிட்டு, திரையில் படத்தை நிறுத்தி, "இது காயம். இதோட பாட வச்சா குழந்தைகள் நல அதிகாரிங்ககிட்ட நானே புகார் குடுப்பேன்" என்பேன். ஒரு முறை கொடுத்தும் இருக்கிறேன். என்னைப் பற்றி மேலதிகாரிகளுக்குப் புகார் போனது. போகட்டும். டாக்டருடைய அந்த வாக்கியத்தை ஒரு நாளும் நான் சொன்னதில்லை. பாடுகிற பிள்ளையின் தொண்டையில் பெற்றவர்களுக்கு விருப்பம் என்று ஒன்று கிடையாது.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு முத்துச்செல்வி என்னைக் கச்சேரிக்கு அழைத்தாள். அதற்குள் கல்லூரி முடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபம். தெருக்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கடை வியாபாரிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். தங்கராஜ் கடைசி வரிசையில், தூணை ஒட்டி நின்றிருந்தார்.

மூன்று கட்டையில் பாடினாள். கீழே போனபோது மண்டபமே அமைதியானது. அவளுடைய அந்தப் பழைய நிதானம் அப்படியே இருந்தது. காம்போதி எடுத்தாள். ஏறி, மேல் சட்ஜமத்தின் வாசல்வரை வந்து, நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் பாட வேண்டியதைப் பிடிலுக்கு விட்டுவிட்டு, கையில் தாளம் மட்டும் போட்டாள். பிடில் மேலே போய்த் திரும்பி வந்ததும் மறுபடி சேர்ந்துகொண்டாள்.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "பாத்தீங்களா, எப்படி விட்டா! இந்த அடக்கம் வரதுக்கு எத்தனை பயிற்சி வேணும்!" என்றார். கை வலிக்கத் தட்டினார். நான் தட்டவில்லை. மேலே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டவர்கள் அந்த மண்டபத்தில் இரண்டு பேர்தான். ஒருவர் கடைசித் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

முடிந்ததும் கீழே வந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள். நான் கேட்க நினைத்தது வேறு. வாயில் வந்தது பழைய வேலைக் கேள்விதான்.

"மேல போனா வலிக்குதாம்மா?"

"வலியெல்லாம் இல்ல மேடம்" என்றாள். "அங்க ஒண்ணுமே இல்ல."